வெந்நீர்க் குழாயும் உறைபனியும்

நீலகிரி மாவட்டத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு, ஒரு தை மாதத்தில் நாம் உதகையில் சில நாள் தங்க நேர்ந்தது. ஒருநாள் விடியலில் எழுந்து பார்க்கையில் புல்தரை முழுவதும் உப்பைத் தூவினாற்போல உறைபனி படிந்திருந்தது. முற்றத்து வாளித் தண்ணீரின்மேல் கண்ணாடித் தகடு போன்ற பனிக்கட்டி ஏடு கட்டியிருந்தது. விரலால் அழுத்தியதும் உடைந்தது. வாளிக்கு யாதொரு சேதமும் இல்லை. தோட்டத்துக் குழாயைத் திருகினோம், நீர் வரவில்லை. வெயில் ஏறிய பின்னரே அது சொட்டத் தொடங்கியது. பின்கட்டுக் குழாயில் மட்டும் நீர் தடையின்றி வந்தது. அதனைக் காவலர் இரவெல்லாம் சொட்டச் சொட்ட விட்டிருந்தார். நீரை வீணாக்குகிறாரே என்று முந்தின இரவு அவரைக் கடிந்துகொண்டவர் நாமேதான். காரணம் தெரியாமல் கண்டிப்பது பார்வையிடும் உத்தியோகத்தின் பழைய நோய் போலும்.

உதகையில் உறைபனி, ஆண்டில் சில நாள் வந்து போகும் விருந்தாளி. அவ்விருந்தாளி மாதக்கணக்கில் தங்கிவிடுகிற நாடுகள் உண்டு. அந்நாடுகளில் பல கோடி மக்கள் வீட்டுச் சுவரோரமும் தரையடியிலும் வெந்நீர்க் குழாய்களை ஓடவிட்டு, அவ்வெந்நீரின் சூட்டில் குளிர்காலத்தைக் கழிக்கின்றனர். குளிரிலிருந்து காக்கும் அக்குழாய்களை அக்குளிரிடமிருந்து காப்பது எவ்வாறு? இக்கேள்வி நம்மைக் கூட்டுறவுத் துறைக்கே திரும்ப அழைத்து வந்தது என்பதை அங்கத்தினர்கள் போகப் போகக் காண்பர்.

கூட்டுறவுப் பயிற்சி பெற்ற எவரும் டென்மார்க்கை அறிவர். 1882ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஜட்லாந்துப் பகுதியில், யெடிங் என்னும் சிற்றூரின் குடியானவர்கள் தொடங்கிய கூட்டுறவுப் பால்பண்ணை நமது பாடங்களில் தவறாமல் இடம்பெறுவது. அதே நாட்டில் இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள், அறைகளைச் சூடாக்கும் வெப்பத்தைத் தெருவடியில் வரும் வெந்நீர்க் குழாய் வழியே பெறுகின்றன என்பது அவ்வளவாகப் பாடங்களில் வருவதில்லை. ஊருக்கு ஒரு கொதிகலன் நிலையம். அங்கிருந்து சூடான நீர் ஒரு குழாயில் புறப்படும். வீடுகளில் வெப்பத்தைக் கொடுத்து ஆறிய நீர் மற்றொரு குழாயில் நிலையத்துக்கே திரும்பும். தறியில் நாடா போவதும் வருவதும் போல, அதே நீரே போகும், அதே நீரே வரும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால் பெரிதும் அடிபட்ட அந்நாடு, 1979ஆம் ஆண்டில் வெப்ப வழங்கல் சட்டம் ஒன்றை இயற்றியது. வெப்பத்தின் விலை அதற்குத் தேவையான செலவை ஈடுகட்டவேண்டும், அதற்கு மேல் ஆதாயம் கூடாது என்பது அதன் கொள்கை. சிற்றூர்களில் இந்நிலையங்கள் பெரும்பாலும் வெந்நீர் பெறும் வீட்டார்களுக்கே சொந்தம், அவர்களே அங்கத்தினர், அவர்கள் தேர்ந்தெடுத்த குழுவே நிர்வாகம்.

அத்தகைய ஊர்களுள் ஒன்று, ஏரோ தீவிலுள்ள மார்ஸ்டால் என்னும் பழைய கடலோடிகள் ஊர். அங்குள்ள சங்கம் 1996ஆம் ஆண்டில் சூரிய வெப்பத் தகடுகளைப் பெருமளவில் பதிக்கத் தொடங்கியது. 2012ஆம் ஆண்டு விரிவாக்கத்துக்குப் பின் அத்தகடுகளின் பரப்பு 33,000 சதுர மீட்டரைத் தாண்டியது. நம் கணக்கில் எட்டு ஏக்கருக்கும் மேல். கோடையில் சூடேறிய நீரைக் குளிர்காலத்துக்கு வைத்திருக்க 75,000 கன மீட்டர் கொள்ளும் மூடிய குளம் ஒன்றையும் வெட்டினர். ஏழரைக் கோடி லிட்டர். ஏரியில் நீர் தேக்கிப் பயிர் செய்யும் நமக்கு, வெப்பத்தையும் அவ்வாறு தேக்கலாம் என்ற செய்தி வியப்பாகவும் அதே சமயம் பழக்கமானதாகவும் தோன்றுகிறது. மார்ஸ்டாலுக்குப் பின்னர் வருவோம்.

முதலில் உறைபனியின் இயல்பு. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். நீரும் 4 டிகிரி செண்டிகிரேடு வரை சுருங்குகிறது. அதன்பின் விரியத் தொடங்கி, உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்துவிடுகிறது. வாளியில் மேற்புறம் திறந்திருப்பதால் அப்பெருக்கத்துக்கு இடம் கிடைக்கிறது. குழாயில் இடமில்லை. ஆகவே பனிக்கட்டி குழாயின் பக்கங்களை நெருக்கிப் பிளந்துவிடுகிறது என்றுதான் நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மை சற்று வேறு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டட ஆராய்ச்சிக் குழுவினர், குழாய்களை உறைய வைத்துச் சோதித்த முடிவுகளை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பனிக்கட்டி ஓரிடத்தில் அடைப்பாகத் திரண்டு வளர்கிறது. அவ்வடைப்புக்கும் மூடிய குழாய் வாய்க்கும் இடையே சிக்கிய நீர் ஒதுங்க வழியின்றி நெருக்குண்கிறது. அந்நீரின் அழுத்தமே குழாயைப் பிளக்கிறது என்று அவர்கள் கண்டனர். பனிக்கட்டி ஓரிடத்தில் இருக்க, வெடிப்பு வேறோர் இடத்தில் ஏற்படுவதற்குக் காரணம் இதுவே. உதகைக் காவலர் சொட்டவிட்ட நீரின் பயனும் இதனால் விளங்கும்: ஓடும் நீர் எளிதில் உறையாது; உறைந்தாலும், திறந்த வாய் இருப்பதால் நெருக்கம் சேராது.

மற்றொன்றையும் அவர்கள் கண்டனர். வெப்பமில்லாத மேல்தளத்தில் காப்புறையின்றிச் செல்லும் குழாய்க்கு, வெளிக்குளிர் ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 7 டிகிரியை எட்டும்போது ஆபத்து தொடங்குகிறது. இதற்கு 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் டெக்சாஸ் மாநிலம் பெரும் சாட்சியாயிற்று. வெப்ப மாநிலம் என்று கருதி மேல்தளங்களிலும் வெளிச்சுவர்களிலும் குழாய் பதித்த ஊர்களில் கடுங்குளிர் இறங்கியது. அதே சமயம் 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றது. எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் பிளந்தன. காப்புறை என்பது வெப்பத்தைத் தருவதன்று, இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதே என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர். கம்பளி போர்த்திய கல்லும் விடியற்காலையில் குளிர்ந்தே இருக்கும்.

இனி வீட்டுக்குள் நுழைவோம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வீட்டுக்கொரு கொதிகலன் வைத்து வெந்நீரைச் சுற்றவிடும் வழக்கம் மிகுதி. முற்காலத்தில் பம்பு இல்லை. சூடான நீர் இலேசாகி மேலெழும், ஆறிய நீர் கனத்துக் கீழிறங்கும், அதற்காகப் பருத்த குழாய்கள் அமைத்தனர். பம்பு வந்தபின் குழாய்கள் மெலிந்தன, செலவும் குறைந்தது. ஆயினும் மின்சாரம் நின்றால் சுற்றோட்டமும் நின்றது. நிற்கும் நீர்தான் உறையும். ஆகவே எந்தக் கிளையில் நீர் நின்றுவிடும் என்பதே குழாய் இணைப்போனின் முதற்கேள்வியாக இருக்கவேண்டும்.

கால்வாய்ப் பாசனம் செய்யும் நம் விவசாய அங்கத்தினர்களுக்குக் கடைமடையின் துயரம் தெரிந்ததே. தலைமடையில் உள்ளவர் வயிறார நீர் பாய்ச்ச, கடைமடையில் வயல் வெடிக்கும். வெந்நீர்ச் சுற்றிலும் அதுவே நிகழும். கொதிகலனுக்கு அருகிலுள்ள அறைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் குட்டை; தொலைவறைக்கு இரண்டும் நெட்டை. நீர் எளிய வழியையே நாடுமாதலால் கடைசி அறையில் ஓட்டம் மெலிந்துவிடும். பெரும்பாலும் அக்கடைசி அறையே வீட்டின் வடகோடியில், இரு வெளிச்சுவர்களோடு நிற்பது. இதற்கு அழகியதொரு மாற்று உண்டு. முதலில் நீர் பெற்ற அறையின் திரும்பு குழாயைக் கடைசியில் சேரும்படியும், கடைசியில் பெற்ற அறையின் திரும்பு குழாயை முதலில் சேரும்படியும் சுற்றிவளைத்து இணைப்பது. எல்லா அறைகளுக்கும் மொத்தப் பயண நீளம் ஏறத்தாழ சமமாகிவிடும். குழாய் சில கஜம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. நமது கால்வாய்களுக்கும் இவ்வாறொரு வழி இருந்திருந்தால் எத்தனை வழக்குகள் மிஞ்சியிருக்கும்!

பம்பை எங்கே வைப்பது என்பது அடுத்த விஷயம். நீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறும்போது 100 லிட்டருக்கு ஏறத்தாழ 3 லிட்டர் பெருகும். அப்பெருக்கத்தை ஏற்க, காற்றடைத்த விரிவுத் தொட்டி ஒன்றைச் சுற்றில் சேர்ப்பர். பம்பு நீரைச் சுற்றுகிறதேயன்றிப் புதிய நீரைச் சேர்ப்பதில்லை. ஆகவே அத்தொட்டி சேரும் இடத்தில் மட்டும் பம்பினால் அழுத்தத்தை மாற்ற இயலாது. தொட்டியைத் தாண்டிய உடனே பம்பை வைத்தால், பம்பின் வலிமை முழுவதும் அழுத்தமாகக் கூடி மாடி வரை நீரை நிறைத்து ஓட்டும். தொட்டியை நோக்கித் தள்ளும்படி வைத்தாலோ, பம்பு ஓடும்போது மாடிக்குழாய்களில் அழுத்தம் குறைந்து, காற்றை வெளியேற்ற வைத்த துளையே காற்றை உள்ளிழுக்கும். காற்று அடைத்த கிளையில் ஓட்டம் இல்லை. ஓட்டமற்ற கிளையில் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றில் நீர் நிரப்பும் குழாயையும் கவனிக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் நீரை 2.31 அடி உயர்த்தும். இரண்டடுக்கு வீட்டின் உச்சிக்கு நீர் ஏறி, அங்கும் சிறிது அழுத்தம் மிஞ்ச 12 பவுண்டு போதும். நகரக் குழாயின் மிகுந்த அழுத்தத்தை 12 பவுண்டாகக் குறைத்துத் தரும் வால்வு ஒன்றும், சுற்றின் அழுக்கு நீர் குடிநீரில் கலந்துவிடாதபடி பின்னோட்டத் தடை வால்வு ஒன்றும் வைப்பர். அழுத்தம் குறைந்தால் அவ்வால்வு தானே திறந்து நீரைச் சேர்க்கும். சௌகரியமான ஏற்பாடு. இச்சௌகரியத்தைப் பற்றிப் பிறகு குறை சொல்ல இருக்கிறோம்.

இவை யாவும் செம்மையாக இருந்தும் குழாய் உறைவதுண்டு; அதிலும் வீடு கதகதப்பாக இருப்பதனாலேயே உறைவதுண்டு. கூடத்தில் விறகடுப்பு மூட்டி மகிழ்ச்சியாக அமர்ந்திருக்கின்றனர். வெப்பநிலை காட்டும் தெர்மாஸ்டாட்டும் அதே கூடத்துச் சுவரில் இருக்கிறது. கூடம் சூடாக உள்ளது என்று கண்டு அது பம்பை நிறுத்தி வைக்கிறது. பம்பு ஓடாத பல மணி நேரத்தில், வடகோடி அறையின் வெளிச்சுவருக்குள் செல்லும் குழாயில், மரச்சட்டத்தின் ஒரு கீறல் வழியே காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. காலையில் கூடத்தில் இருந்தோர் வியர்வையோடு எழுந்து, உறைந்த குழாயைக் காண்கின்றனர். பகலில் வெப்பத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கும் தானியங்கிகளும் இவ்விபத்தை வரவழைப்பதுண்டு. கடுங்குளிர் இரவுகளில் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுவது எளிய காப்பு. ஒரு லிட்டர் 0 டிகிரி நீர் முழுவதும் உறைய வேண்டுமானால், 80 டிகிரி வெந்நீர் 0 டிகிரிக்கு ஆறுவதில் இழக்கும் அளவு வெப்பத்தை அது இழந்தாக வேண்டும். ஆகையால் மிதமான சூட்டில் மெல்ல நகரும் நீர்கூட நெடுநேரம் தாங்கும்.

குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நீரை வடித்துவிடலாம். ஆனால் குழாய் சரிவாகப் பதிக்கப்படாவிடில் தாழ்ந்த வளைவுகளில் நீர் தங்கும். காற்றழுத்தம் கொடுத்து ஊதி வெளியேற்ற வேண்டும்.

நீரை வடிக்காமலும் ஓடவிடாமலும் காக்க விரும்புவோர் கிளைகால் என்னும் திரவத்தைக் கலக்கின்றனர். மோட்டார் வண்டிகளில் ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு; வீட்டுக்கு ஆகாது. நஞ்சு குறைந்த புரொப்பிலீன் கிளைகாலே வழக்கம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சுழிக்குக் கீழ் 18 டிகிரிக் குளிரில் கலவை சிறிதும் உறையாமல் ஓடவேண்டுமானால் 36 சதவீத அளவில் கிளைகால் தேவை. உறைந்து கூழானாலும் குழாய் பிளவாமல் இருந்தால் போதும் என்போர்க்கு 24 சதவீத அளவு போதும். உறையாமை வேறு, பிளவாமை வேறு. மிகக் குறைவாகக் கலப்பதோ வீண் மட்டுமன்று, தீங்கும் ஆகும்: 20 சதவீதத்துக்குக் கீழே கிளைகால் நுண்ணுயிர்களுக்கு உணவாகி, நீர் கெட்டுக் குழாயை அரிக்கும். கிளைகால் கலந்த நீர் தடித்து ஓடும். வெப்பத்தையும் குறைவாகவே சுமக்கும். பம்பு சற்றுப் பெரியதாக வேண்டும். நீர் கசியாத இணைப்பிலும் கிளைகால் கசியும் என்பது அத்தொழிலாளர் அனுபவம்.

கசிவைச் சொன்னோம். நாம் இக்கட்டுரை எழுதத் துணிந்ததே அதன் பொருட்டு. சுற்றில் மொத்தம் 200 லிட்டர் கலவை, அதில் 40 சதவீதம் கிளைகால் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஓர் இணைப்பில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் கசிகிறது. சூடான குழாயாதலால் கசிந்தது அங்கேயே உலர்ந்துவிடும். தரையில் ஈரம் காணோம். அழுத்தம் சிறிது குறைந்ததும் நாம் முன்னர் சொன்ன தானியங்கி வால்வு திறந்து ஒரு லிட்டர் வெறும் நீரைச் சேர்த்துவிடுகிறது. நாள்தோறும் இவ்வாறே. நூறாம் நாளில் கிளைகால் 24 சதவீதமாக இறங்கியிருக்கும். சுழிக்குக் கீழ் 20 டிகிரி வரை உறையாதிருந்த கலவை இப்போது 10 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். ஆனால் அழுத்தமானி முதல் நாளிலும் 12 பவுண்டு காட்டியது, நூறாம் நாளிலும் 12 பவுண்டே காட்டுகிறது. வீட்டுக்காரர் வாரந்தோறும் அதனைப் பார்த்து நிம்மதியுடன் திரும்புகிறார்.

பாற்சங்கத்துக் காரியதரிசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நீர் கலந்த பாலிலும் கேன் விளிம்பு வரை நிறைந்தே இருக்கும். அளவுக்குச்சி குறை சொல்லாது, லாக்டோமீட்டரே சொல்லும். ரொக்கப் புத்தகமும் கையிருப்பும் ஒத்திருப்பதைக் கண்டு, ஒதுக்கு நிதி எங்கே போயிற்று என்று கேளாமல் கையொப்பமிட்ட தணிக்கைகளையும் நாம் கண்டதுண்டு. அங்ஙனம் கையொப்பமிட்டோர் யாவரும் நாணயமற்றவர் அல்லர். காட்டிய எண் சரியாக இருந்ததால் அடுத்த கேள்வி அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆதலின் கிளைகால் கலந்த சுற்றில், விஷயம் தெரிந்த தொழிலாளர் நகரக் குழாயோடு தானியங்கி இணைப்பு வைப்பதில்லை. சரியான விகிதத்தில் கலந்த திரவத்தை ஒரு சிறு தொட்டியில் வைத்து, அதிலிருந்தே சிறு பம்பினால் சுற்றுக்கு ஊட்டுகின்றனர். தொட்டி குறைந்தால் கசிவு உண்டென்று பொருள், ஒளிப்பதற்கு இடமில்லை. ஆண்டுதோறும் சில துளிகளை எடுத்து, ஒளி வளையும் அளவைக் கொண்டு விகிதம் காட்டும் கருவியில் வைத்துப் பார்க்கின்றனர். புளிப்பேறியுள்ளதா என்றும் சோதிக்கின்றனர்.

மார்ஸ்டால் போன்ற ஊர்களில் இரு முறைகளும் அருகருகே நடப்பதைக் காணலாம். சூரியத் தகடுகள் வெட்டவெளியில், வெயிலற்ற இரவுகளில் ஓட்டமின்றி நிற்பன. ஆகவே அவற்றின் குழாய்களில் கிளைகால் கலந்த நீர். ஊருக்குள் போகும் நீரில் அது இல்லை. இரண்டும் கலவாமல், மெல்லிய உலோகத் தகடுகளின் இரு புறமும் ஓடி வெப்பத்தை மட்டும் கைமாற்றிக் கொள்கின்றன. பல மைல் நீளமுள்ள ஊர்க்குழாயில் கிளைகாலை நிரப்புவது கட்டுபடியாகாது; அங்கே காப்பு வேறு. குழாயை நுரைக் காப்புறையோடு மண்ணுக்குள் புதைப்பதும், கடைக்கோடிகளில் சிறு இணைப்பு வைத்து எவரும் வெந்நீர் எடுக்காத வேளையிலும் சிறிது நீரைத் திரும்பு குழாய்க்கு ஓடவிடுவதுமே அது. கடைமடைக்கு என்றும் ஓர் ஊற்று.

அந்நுரைக் காப்புறைக்குள் குழாய் நெடுகிலும் மெல்லிய செப்புக் கம்பிகளைப் பதித்து வைப்பது வடநாட்டுப் பழக்கம். எங்கேனும் கசிந்து நுரை ஈரமானால் கம்பியின் மின்தடை மாறும். நிலையத்தில் இருந்தபடியே எத்தனையாவது மீட்டரில் கசிவு என்று கண்டு அவ்விடத்தை மட்டும் தோண்டலாம். சுற்றில் புதிதாகச் சேர்க்கும் நீருக்கும் அளவுமானி உண்டு. மூடிய சுற்றில் நீர் குறையக் காரணமில்லை. குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் கசிவு.

டேனியச் சங்கங்கள் பலவற்றின் கட்டண விதியில் ஒன்று எம் மனத்தைக் கவர்ந்தது. அங்கத்தினர் எவ்வளவு வெப்பம் எடுத்தார் என்று மட்டும் அவை அளப்பதில்லை. அவர் வீட்டிலிருந்து திரும்பும் நீர் எவ்வளவு ஆறி வருகிறது என்றும் அளக்கின்றன. ஒரு வீட்டில் குழாய் இணைப்பு பிழையாகி, வந்த வெந்நீர் அறைகளைச் சுற்றாமல் குறுக்கு வழியே திரும்பினால், அவ்வீட்டாருக்கும் பயனில்லை. ஊர் முழுவதற்கும் அதிக நீரை ஓட்டும் செலவும், வழியில் வெப்பம் வீணாகும் நட்டமும் உண்டு. ஆகவே அத்தகைய வீட்டின் கட்டணச் சீட்டில் ஒரு தொகை கூடுகிறது. குழாய்த் தொழிலாளரை அழைத்து இணைப்பைத் திருத்தி, திரும்பும் நீர் ஆறி வரத் தொடங்கியதும், அடுத்த சீட்டில் அத்தொகை மறைகிறது.